உப்பு இருக்கும் இடம்

“உங்கம்மா வீட்டுக்குப் போயிடு.” ரஸ்லான் போனில் அனுப்பிய அந்த ஒரு வரிதான் வழக்கு. அதில் தலாக் என்ற சொல்லே இல்லை. ஆனால் எழுதியவன் மனதில் அது இருந்திருந்தால் மணமுறிவுதான். மலேசியாவின் கிளந்தானில் ஒரு சின்ன ஷரியா நீதிமன்றத்தில் அவன் மனைவி சுஹைலா அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்து நின்றாள்.

நீதிபதி கணினித் திரையைப் பார்த்துவிட்டு ரஸ்லானிடம் திரும்பினார்.

“இப்படி எழுதினவங்க பெரும்பாலும் பிரியத்தான் நினைச்சாங்கன்னு இந்த ஏஐ சொல்லுது. உங்க மனசு அதுக்குத் தெரியாது. அல்லாஹ் மேல ஆணையா நீங்களே சொல்லுங்க, என்ன நினைச்சு எழுதினீங்க?”

ரஸ்லான் சுஹைலாவைக் காட்டிச் சொன்னான்.

“இவங்கம்மா வழுக்கி விழுந்து படுத்திருந்தாங்க ஐயா. என்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்னு இவ ஒரே பிடிவாதம். அந்த எரிச்சல்ல எழுதிட்டேன். வல்லாஹி, பிரியற நெனப்பே இல்ல. வீட்டுல உப்பு எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. அவ போனதுலேர்ந்து சப்புனு கஞ்சிதான் குடிக்கிறேன்.”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மணம் முறியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் சுஹைலா அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “அடுப்புக்கு மேல நீல டப்பால இருக்கு. கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?”

அவன் தலையாட்டினான்.

“தேட வேணாம். அம்மா இப்ப நடக்கிறாங்க. நானே வந்து எடுத்துத் தரேன்.”