இடப்பக்கம் திரும்பும் படி

ஒரு வீட்டுக்குப் படிக்கட்டு செய்ய ஏழு மாதம் எடுத்துக்கொண்டவன் பாம்பனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் மாடியே இல்லாத வீட்டுக்கு. மேலே இருந்தது வெறும் மொட்டைத்தளம், வடகம் காயப்போடலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தளத்துக்கு ஏற வழி வைத்தால்தான் என் மனைவி லீமாரோஸ் வீட்டுக்கு வருவாள். இல்லையென்றால் தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள். மூன்று வயது மகன் யேசுதாசும் அவளோடுதான் இருந்தான்.

புயலுக்கு முன் நாங்கள் தனுஷ்கோடியில் இருந்தோம். நான் ரயில்வேயில் பிட்டர். அறுபத்து நான்கு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்று எனக்கு மண்டபத்தில் வேலை. லீமாரோஸ் கைக்குழந்தை யேசுதாசோடு பக்கத்துக் குவார்ட்டர்ஸின் தளத்தில் ஏறிப் பிழைத்தாள். மூத்தவள், ஐந்து வயது ஜோதிமேரி பிழைக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது லீமாரோஸ் சொன்னது இவ்வளவுதான்: தண்ணீர் வந்தது, ஏணியில் ஏறினோம், ஜோதியைக் காணோம். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வருடம் கழித்து பாம்பனில் ரயில் பாதைக்குத் தெற்கே எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். சிமெண்டுத் தளம் போட்ட கெட்டி அறை. லீமாரோஸ் வந்து பார்த்தாள். சுவரைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்க்கவில்லை, நேராகத் தளத்தைத்தான் அண்ணாந்து பார்த்தாள்.

"மேல ஏற வழி இல்லையே. வழி வச்சுட்டுச் சொல்லுங்க, வாரேன்."

ஏணி வாங்கிச் சாத்திவிடுகிறேன் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கல்லில் படி கட்ட ஓவர்சீயர் பூமிநாதன் விடவில்லை. ஒதுக்கீட்டு நிலத்தில் நிரந்தரமாக எதுவும் எழுப்பக்கூடாதாம், எழுப்பினால் இடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து தாள் வருமாம். கழற்றி எடுக்கிற மாதிரி என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள், நான் பார்க்கவில்லை என்றார். இடமும் இல்லை. என் அறைக்கும் பக்கத்து வீட்டு ஹமீது சுல்தானின் சுவருக்கும் நடுவே இருந்தது நாலடி. அவர் சங்கு வியாபாரி, நல்ல மனுஷர், ஆனால் அதற்காகச் சுவரைத் தள்ளிவைக்க முடியுமா? ஒன்பதரை அடி உயரத்துக்கு நேர்ப்படி வைத்தால் அது தெருவில் போய் இறங்கும். சுற்றிக்கொண்டு ஏறினால்தான் உண்டு.

தினமும் மண்டபம் போய் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, பாலத்தில் ரயில் ஊர்ந்து வரும்போதே பாதித் தூக்கம் தூங்கிவிட்டு வருகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் படுத்துக் கிடக்கத்தான் உடம்பு கேட்கும். அந்த ஞாயிறுகளைத்தான் இந்தப் படி தின்றது. முதலில் ஒரு குடைக்கம்பியில் தீப்பெட்டி அட்டைகளைக் குத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டையையும் விசிறி மடிப்பு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவைத்தால் நாலடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்த அன்று மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன்.

யாரையும் உதவிக்குக் கூப்பிட எனக்குப் பிடிக்காது. கூப்பிட்டால் கையோடு யோசனையும் கொடுப்பார்கள். அதனால் தனி ஆளாகத் தூக்கி மாட்டுகிற எடையில் ஒவ்வொன்றையும் வைத்தேன். நடுவில் பழைய பம்பிலிருந்து கழற்றிய தடிமனான இரும்புக் குழாய். ஒவ்வொரு படிக்கும் முக்கோணமாக இரும்புச் சட்டம், சட்டத்தில் பனைப்பலகை, குறுகலான முனையில் ஒரு வளையம். வளையத்தைக் குழாயின் தலை வழியாக இறக்கவேண்டும். அதன்மேல் எட்டு அங்குலத்துக்கு வெட்டிய பெரிய குழாய்த் துண்டு ஒன்று, அதன்மேல் அடுத்த படி. அகலமான பக்கத்தில் ஒரு கம்பி ஒரு படியை அடுத்த படியோடு பிணைக்கும், அதுவே கைப்பிடிக்கும் காலாகும். பதினாலு படியும் ஒரே அச்சு, எந்தப் படியையும் எந்த இடத்திலும் போடலாம். ஒரே தகட்டு அச்சை வைத்து ஓட்டை போட்டதால் இரண்டு மூலையிலும் ஓட்டை விழுந்துவிட்டது. ஒன்றுதான் தேவை, மற்றது வீண். அடைக்கச் சோம்பலாக இருந்தது, விட்டுவிட்டேன்.

ஒரு ஸ்பானர், ஒரு ஆள், ஒரு முற்பகல். படி நின்றுவிட்டது. லீமாரோசுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தாள். வந்ததும் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். யேசுதாஸ் இந்த எடைதான் இருக்கிறான் என்றாள். நாலாவது படியில் குடம் சுவரில் 'ணங்' என்று இடித்தது. ஆறாவது படியில் மறுபடி. சேலையெல்லாம் நனைந்து, அவள் சுவரை விட்டு உள்ளே ஒதுங்க, கால் படியின் குறுகலான பக்கம் போய் வழுக்கியது. நான் கீழேயிருந்து கைப்பிடியைப் பிடி, பிடி என்று கத்தினேன்.

"பிடிக்கக் கை இருக்காது" என்றாள்.

ஒரு கை சும்மாதானே இருக்கிறது என்று எனக்கு எரிச்சல். அவள் இறங்கி, குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அடுத்த மாதம் முழுக்க நான் செய்ததெல்லாம் வெட்டி வேலை. நடுக்குழாயில் பிடிப்பதற்குக் கயிறு சுற்றினேன். சுவரில் இடித்தால் வலிக்காமலிருக்கச் சாக்கு அடித்தேன். பலகையில் வழுக்காமலிருக்க மணல் ஒட்டினேன். மறுபடி வந்தாள், மறுபடி குடம் இடித்தது, மறுபடி அவள் எதையும் பிடிக்கவில்லை. அன்று எனக்கு வாய் நீண்டுவிட்டது. உனக்கு வர மனசில்லை, அதற்குப் படி ஒரு சாக்கு என்றேன். இந்த வீட்டில் தனியாகச் சோறு பொங்கித் தின்று எனக்கு அலுத்துவிட்டது என்றும் சொன்னேன். ஈரச் சேலையோடு பஸ்ஸுக்கு நின்றவளைப் பார்த்ததும் என் நாக்கை இழுத்து அறுக்கலாம் போலிருந்தது. ஆனால் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு களைப்பு எனக்கு, கோபத்தை விடக்கூடத் தெம்பில்லை.

அடுத்த ஞாயிறு நானே குடத்தை எடுத்தேன். ஆண்பிள்ளை தண்ணீர் தூக்கினால் தோளில்தான், அதுவும் வலது தோளில். அப்படி ஏறினால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சரி, அவள் மாதிரியே வைத்துப் பார்ப்போம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக இடது இடுப்பில் குடத்தை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஹமீது சுல்தான் வீட்டுப் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நாலாவது படியில் குடம் இடித்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். படி வலமாகச் சுற்றி ஏறுகிறது. அதனால் குழாய் வலக்கைப் பக்கம், சுவர் இடக்கைப் பக்கம். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் பிள்ளையையோ குடத்தையோ வலது இடுப்பில் வைத்து நான் பார்த்ததில்லை. திருப்பிச் சுற்றினால் குழாய் இடப்பக்கம் வந்துவிடும். குறுகலான பக்கத்தில் யாரும் கால் வைக்கமாட்டார்கள், அதற்கு மேலே இருக்கிற வெற்றிடத்தில் குடம் ஜம்மென்று வரும். இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை? திருவிழாச் சப்பரம் வலமாகச் சுற்றுகிறது, தெருவில் போகிற சாமியும் வலமாகச் சுற்றுகிறது. சுற்றுவது என்றாலே வலம்தான் என்று கை அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது. தீப்பெட்டி அட்டையையே வலமாகத்தான் திருப்பியிருக்கிறேன்.

கழற்ற ஆரம்பித்தபோது ஹமீது சுல்தான் எட்டிப் பார்த்தார். சொன்னேன். இடமாகச் சுற்றினால் வீட்டுக்கு ஆகாது என்று சனங்கள் சொல்வார்களோ என்றும் கேட்டேன்.

"போங்க சூசை. எங்க சின்னாப்பா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவுக. கஃபாவ இடது தோள் பக்கம் வச்சுத்தான் எல்லாரும் சுத்துறாகளாம். ஆகாமலா அம்புட்டுப் பேரும் போறாக?"

எனக்கு அது போதும். வீண் என்று நினைத்த அந்த இரண்டாவது ஓட்டைகளில் கம்பிகள் அப்படியே போய் உட்கார்ந்தன. மதியச் சாப்பாட்டுக்குள் படி மறுபக்கம் திரும்பிவிட்டது.

இந்தத் தடவை சொல்லி அனுப்பவில்லை. நானே தங்கச்சிமடம் போனேன். போன வாரம் பேசியது தப்பு என்று அவள் அக்கா முன்னாலேயே சொன்னேன். லீமாரோஸ் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

குடம் நிறையத் தண்ணீர். இடது இடுப்பு. முதல் படி, இரண்டாவது, நாலாவது. இடிக்கவில்லை. நான் கீழே நின்று குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது படிக்குப் பிறகுதான் அவளுடைய வலது கையைப் பார்த்தேன். அது கைப்பிடியில் இல்லை. பின்னால், தாழ்வாக, விரல்கள் லேசாக மடங்கி நீண்டிருந்தது. படியின் அகலமான பக்கம் அது. தனக்குப் பின்னால் ஒரு ஆள் வருவதற்கு இடம் விட்டு ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரம்கூட இல்லாத ஆள்.

அந்தக் கையைத்தான் நான் சும்மா இருக்கிற கை என்று நினைத்திருந்தேன்.

நான் ஏறிப் போனபோது அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தளத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கடல் பாலத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதது மாதிரிக் கிடந்தது.

"ஏணியப் பிடிக்க ஒரு கை வேணும்ல" என்றாள். "இவன் இடுப்புல. அவ கையத்தான் விட்டேன். சேலையப் பிடிச்சுட்டு வாடின்னு சொன்னேன். சரிம்மான்னா."

நான் அழுதேன். இரண்டு வருடமாக அழாததையும் சேர்த்து அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, பிட்டரிடம் குறை சொல்கிற குரலில் சொன்னாள்.

"படி உசரம் கூடுதலு. அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கால் எட்டாது."

எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இல்லை. யேசுதாசுக்கு ஐந்து வயதாக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நான் கணக்குப் போட்டேன். எட்டு அங்குலத்தை ஆறாக்கினால் பதினாலு படி பத்தொன்பதாகும், இன்னும் ஐந்து சட்டம் அடிக்கவேண்டும், குழாய்த் துண்டு எல்லாவற்றையும் அறுக்கவேண்டும், முழுச் சுற்று முடிகிற இடத்தில் என் தலை இடிக்கும், குனிந்துதான் போகவேண்டும். செய்துவிடலாம் என்றேன். அவள் போய்ப் பிள்ளையையும் துணிமூட்டையையும் எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே வந்துவிட்டாள்.

அதற்கு ஐந்து ஞாயிறு ஆனது. இந்தத் தடவை நான் மேலேயிருந்து கை நீட்ட, அவள் ஒவ்வொரு படியாக எடுத்துக் கொடுத்தாள். கடைசி நட்டை முறுக்கியதும், முதலில் தான் ஏறுவதாகச் சொன்னாள். யேசுதாசைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டாள். வலது கை, வழக்கம்போல, பின்னால் தாழ்வாக நீண்டது.

நான் இரண்டு படி கீழே நின்று, நன்றாகக் குனிந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தளம் வரும்வரை விடவும் இல்லை.