பால்கோவாச் சுரண்டல்

ஒரு மீனுக்காக முந்நூறு கரப்பான்பூச்சி வளர்த்த மனிதரைப் பார்த்ததுண்டா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதும் சாகுல் ஹமீதுதான் அவர். 1993இல் மதுரையிலிருந்து தொட்டியில் வளர்க்க ஓர் ஆஸ்கர் மீன் வாங்கி வந்தார். உயிருள்ள பூச்சி போட்டால் கையகலத்துக்கு வளரும் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். கேட்க வேண்டுமா? பின்கட்டில் பழைய பிஸ்கட் டின், அதற்குள் முட்டை அட்டை, நனைத்த பஞ்சு, தவிடு. ஏறி வராதபடி விளிம்பில் விளக்கெண்ணெய் தடவி, டின்னின் வாயில் வேட்டித் துணியைக் கட்டினார். "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள் மனைவி மெகராஜ் பேகம். இரண்டு பேரும் இருந்தார்கள்.

சுவருக்கு அந்தப்புறம் காசிராஜனின் பால்கோவாப் பட்டறை, அதன் முன்புறம் கடை. அங்கே சட்டி கழுவும் பரிபூரணம், அடிப்பிடித்ததைச் சுரண்டி தினமும் இலையில் வைத்துத் தருவாள். "மீனுக்குப் போடுங்க பாய்" என்பாள். ஆனால் அந்தச் சுரண்டலைத் தின்றது கரப்பான்கள். அதை அவளிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

ஆடிப்பூரத்துக்கு ஊர் கூடத் தொடங்கிய வாரம், ராஜபாளையத்தில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்து பார்த்தால் துணியில் விரல் நுழையும் ஓட்டை. டின்னில் பாதி காலி. போனவை எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. பழகிய ருசி சுவருக்கு அந்தப்புறம்தான் இருந்தது. மிச்சத்தை வெந்நீர் ஊற்றிக் கொன்றார். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நான்காம் நாள் ஒரு வெளியூர்க்காரர் வாங்கிய பால்கோவாப் பொட்டலத்தில் கரப்பான் கிடந்தது. கடைவாசலில் கூட்டம். சட்டி கழுவிய லட்சணம் இது என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் பரிபூரணத்தை வேலையிலிருந்து நிறுத்தினார் காசிராஜன். "நல்லாத்தான வெளக்குனேன் மொதலாளி" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சன்னலுக்குப் பின்னால் நின்று ஹமீது எல்லாவற்றையும் கேட்டார்.

மறுநாள் காலை எப்படியோ துணிந்து காசிராஜனிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். "அந்தப் பொம்பளையத் திரும்பக் கூப்பிடுங்க அண்ணாச்சி. தப்பு என்னோடது."

காசிராஜன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டுல கரப்பான் வளத்தாகன்னு வெளிய தெரிஞ்சா எங்கிட்ட எவன் பால்கோவா வாங்குவான்? வேலைக்காரி சரியில்ல, நிறுத்தியாச்சுன்னு ஊரு நம்பிருச்சு. அப்படியே கெடக்கட்டும். நீங்களும் வாயத் தொறக்காதீக பாய்."

ஹமீது தலையாட்டினார். படியிறங்கும்போது அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதை நினைத்ததும் உடம்பே கூசியது. பத்திர ஆபீசுக்கு நேர்வழியில் போனால் பரிபூரணத்தின் வீடு வரும். அவர் தேரடியைச் சுற்றிக்கொண்டு போனார்.