கோரைத்திட்டுக்கு ஓர் ஓடம்

கலெக்டர் கச்சேரி வாசல் வேப்பமரத்தடியில், மனு எழுதும் அருள்நாதன் சாய்வுப் பெட்டியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று பேர் குந்தியிருந்தார்கள்: கோரைத்திட்டு நாட்டாமை மருதை, பரிசல்காரன் பிச்சை, பிச்சையின் பெண்டாட்டி வெள்ளையம்மாள். இவர்களுக்கு முன்னால் எட்டு மனுக்கள் ஆகவேண்டியிருந்தன. ஆண்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. வெள்ளையம்மாளோ அந்த எட்டுப் பேரின் கதையையும் கேட்டு, இரண்டு பேருக்கு யோசனை சொல்லி, பாகப்பிரிவினையில் ஏமாந்துபோன ஒரு கிழவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஆயிற்று.

"உங்க சங்கதி என்ன?" என்றார் அருள்நாதன்.

"நாங்க காவேரிக்கு நடுவுல குடியிருக்கிற சனங்கய்யா," என்றாள் அவள். "முக்கொம்புக்குக் கெழக்கால, கோரைத்திட்டு. முப்பத்தெட்டு வீடு, சுத்தித் தண்ணி. கரைக்கு வந்து போக நாலு பரிசல் இருந்திச்சு. எதுத்தாப்புல தென்னந்தோப்புல பட்டாளம் வந்து எறங்குனாங்க. தோப்பு பத்தலைன்னு பக்கத்துக் கொல்லையை எடுத்தாங்க. கொல்லையும் பத்தலைன்னு மாடு மேயற மேய்க்காலை எடுத்தாங்க. அப்பறம், சிப்பாய்ங்க ஆத்துல பழகணும்னு நாலு பரிசலையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சண்டை முடிஞ்சதும் தர்றாங்களாம்."

"சண்டை எப்ப முடியுமாம்?"

"அதையும் கேட்டோம். சிரிச்சாங்க."

பிச்சை தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "வேற பரிசல் பின்னலாம்னு தோல் தேடிப் போனேன். இருக்கிற தோலெல்லாம் பட்டாளத்துப் பூட்ஸுக்குப் போயிடுச்சாம். ஒரு முழம் கெடைக்கலை."

விஷயம் இதுதான். வைகாசியில் இடுப்பளவு தண்ணீர்; நடந்துவிடலாம். ஆனி பிறந்து மேட்டூரில் திறந்துவிட்டால் கழுத்தளவு. ஆடியில் யானைக்கே நிலைக்காது. திட்டில் வாழையும் கத்தரியும் நன்றாக வரும். வந்து என்ன செய்ய, கரை சேர்த்தால்தான் காசு. வெள்ளையம்மாள் காபி கிளப் ஒன்றுக்கு நாள்தோறும் இருநூறு இலை கொடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு இலை வராவிட்டால் அன்றைக்கே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அந்த வாடிக்கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"ஆக, சர்க்கார் செலவுல ஒரு மர ஓடம் வேணும். எவ்வளவு ஆகும்?"

"ஆசாரி எரநூறுன்னாரு," என்றார் மருதை.

"அப்ப ஐந்நூறுன்னு போடுவோம். மேல போகப் போக வெட்டிக்கிட்டே வருவாங்க."

மருதை பதறிப்போனார். "பொய்க் கணக்கா? பிடாரி கண்ணைக் குத்திப்புடுவா. எரநூறே போடுங்க."

அருள்நாதன் பெருமூச்சு விட்டு நிப்பை மசிக்கூட்டில் தோய்த்தார். எழுதி முடித்து உரக்கப் படித்தார். "கலெக்டர் துரையவர்கள் திவ்ய சமுகத்துக்கு, கோரைத்திட்டு ஏழைக் குடிகள் அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்ட மனு. மேற்படி பரம ஏழைகள் சொல்லொணாத் துயரக் கடலில் தத்தளித்துக்கொண்டு..."

"கடல் இல்லீங்க, ஆறு," என்றாள் வெள்ளையம்மாள்.

"ஏழைங்கறது ரெண்டு தடவை வருது," என்றார் மருதை, முகம் சுண்டிப்போய். "ஒண்ணை எடுத்துடுங்க. எங்க ஊரைத் தேடி வந்தவங்க யாரும் பசியோட திரும்பினதில்லை."

"நாட்டாமைக்காரரே, நீங்க ஏழைன்னு நான் எழுதாட்டி ஒரு தம்பிடி வராது. இன்னொண்ணும் சொல்றேன். விசாரணைக்கு ஆபீசர் வருவாரு. அவரு கண்ணுல உங்க கஷ்டம் படணும். தெரியுதா?"

"பட்டுடும், பட்டுடும்," என்று வெள்ளையம்மாள் பலமாகத் தலையாட்டினாள். மூவரும் கட்டைவிரலில் மசியைத் தடவி ரேகை வைத்தார்கள். மிச்ச மசியை வேப்பமரத்தில் துடைத்துவிட்டு, மனு போட்டதே ஓடம் வந்த மாதிரி சந்தோஷமாகப் புறப்பட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, தலையாரி அக்கரையில் நின்றுகொண்டு வாயைக் குவித்துக் கூவினான். ரெவினியூ இன்ஸ்பெக்டர் யதிராஜன் ஐயங்கார் வெள்ளிக்கிழமை காலை ஸ்தல விசாரணைக்கு வருகிறாராம்.

ஊர் கூடிவிட்டது. முதல் கேள்வி, அவர் எப்படி வருவார் என்பது.

"நடந்து வரட்டும்," என்றான் பிச்சை. "இடுப்புத் தண்ணியில நடந்தாத்தான் நம்ம கஷ்டம் தெரியும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வெள்ளையம்மாளுக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. "நல்லாருக்கே நீங்க சொல்றது! ஸ்ரீரங்கத்துப் பெரிய மனுசரு, நமக்காக மெனக்கெட்டு வர்றவரு, பஞ்சகச்சத்தைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நம்ம பொம்பளைங்க முன்னால நனைஞ்சு நிக்கணுமா? ஊரு என்னா பேசும்? பிடாரிக்குப் போடற பாலத்தை அவருக்குப் போட்டா என்ன கொறைஞ்சு போச்சு?"

பிடாரிக்குப் போடும் பாலம் என்பது அந்தத் திட்டுக்கு மட்டுமே உள்ள வழக்கம். சித்திரைத் திருவிழாவில் அம்மன் கரகம் அக்கரையிலிருந்து வரும். கரகத்தைச் சுமப்பவனின் கால் தண்ணீரில் படக்கூடாது. அதற்காக மூன்று தென்னை நீளத்துக்கு ஒரு பாலம் கட்டி, விழா முடிந்ததும் பிரித்து, இருபத்திரண்டு பனங்கட்டைகளையும் கோயிலுக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிடுவார்கள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் நாலு பேர் கட்டையைத் தூக்கப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை முழுக்க வேலை. பிச்சை முங்கி முங்கிக் கட்டைகளை மணலில் இறக்க, மேலே நின்றவர்கள் உலக்கையால் அறைந்தார்கள். மூங்கில்களைக் குறுக்கே போட்டுத் தென்னங்கயிற்றால் கட்டினார்கள். முடிச்சுப் போடுவதில் வெள்ளையம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. பாதி ஆற்றில், கட்டையைத் தொடையால் இடுக்கிக்கொண்டு, கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்தபடி, கரையிலிருந்த ஆண்பிள்ளைகளை ஏவிக்கொண்டிருந்தாள். வேலைக்கு நடுவே கேலியும் பாட்டும் தூள் பறந்தன. அக்கரையில் சிப்பாய்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, பைப்பைக் கடித்துக்கொண்டு, பாலத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு ஒரே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை யதிராஜன் வந்தபோது, திட்டு திருவிழாக் கோலத்தில் இருந்தது. எல்லோரும் பெட்டியிலிருந்த நல்ல துணியை எடுத்து உடுத்தியிருந்தார்கள். பாலத்தின் இரு முனையிலும் குலை தள்ளிய வாழை கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு முதலில் ஒரு காலை வைத்தார், பிறகு மறு காலை. பிறகு சிறுபிள்ளை போல விறுவிறுவென்று நடந்தே வந்துவிட்டார்.

"அட, அட! அசையவே இல்லையே! யார் கட்டினா?"

"நாங்கதான் சாமி. ஒரே பகல்ல!" என்றார் மருதை.

"ஒரே பகல்லயா? பேஷ்! யுத்த காலத்துல சர்க்காரை எதிர்பார்க்காம இப்படின்னா இருக்கணும்!"

மற்றவர்கள் வீட்டில் அவர் கை நனைக்க மாட்டார் என்பது தெரிந்த விஷயம். ஆகையால் அவர் கண்ணெதிரே இளநீர் சீவிக் கொடுத்தார்கள். பூவன் பழச் சீப்பு ஒன்றைத் தலையாரி தலையில் ஏற்றினார்கள். இளநீரைக் குடித்துவிட்டு அவர் கிழக்கே கையைக் காட்டினார். மரங்களுக்கு மேலே கோபுரம் தெரிந்தது.

"நாங்களும் தீவுக்காராதான், தெரியுமோ? பெருமாளே ரெண்டு ஆத்துக்கு நடுவுலதான் சயனிச்சிண்டிருக்கார். எங்களுக்கு ஒரு பாலம் இருக்கு, உங்களுக்கும் ஒண்ணு ஆயிடுத்து."

பாலம் இருக்கிறது என்றே இவர் எழுதிவிடுவார் என்பது வெள்ளையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சாமி, இது நிக்காதுங்க. இன்னைக்கு உங்களுக்காவப் போட்டது. ஆடித் தண்ணி வந்தா அடிச்சுக்கிட்டுப் போயிடும். எங்களுக்கு ஓடந்தான் வேணும்."

"இது நிக்காதா?" இன்ஸ்பெக்டர் மருதையைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் நாட்டாமை, நிக்காதா?"

தம் ஊர் கட்டிய பாலத்தைப் பற்றி ஒரு பெரிய மனிதர் இப்படிக் கேட்டதும் மருதைக்கு ரோஷம் வந்துவிட்டது. "யார் சொன்னது? இதுமேல யானை நடக்கலாம் சாமி!" என்றார். வெள்ளையம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் பச்சை வாழையே பற்றியிருக்கும்.

யதிராஜன் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. கண்ணால் கண்டதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினார்.

பதில் ஆனி முதல் வாரமே வந்தது. மூவரும் அதைத் தூக்கிக்கொண்டு அருள்நாதனிடம் ஓடினார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் தமக்குள் படித்தார்.

"ஓடம் கெடையாது," என்றார். "மேற்படி குடிகள் திடகாத்திரமாகவும் நல்ல வஸ்திரம் தரித்தவர்களாகவும் காணப்படுகிறபடியாலும், சொந்த முயற்சியில் உறுதியான பாலம் வைத்திருக்கிறபடியாலும், உபகாரத் தொகை அவசியமில்லை."

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றான் பிச்சை. நல்ல புடவை உடுத்தச் சொல்லி வீடு வீடாகப் போனவளே வெள்ளையம்மாள்தான். தன் வாயில் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"இருங்க, இன்னும் இருக்கு. பாலத்தைப் பலகையும் இரும்பும் போட்டு உறுதிப்படுத்த அறுநூறு ரூபாய் சாங்க்ஷன் ஆகியிருக்கு."

"அறுநூறா!" மருதை எழுந்தே விட்டார். "நாம எரநூறுதானே கேட்டோம்!"

"மேற்படி வேலை பட்டாளத்தார் வசம் ஒப்படைக்கப்படும்னு போட்டிருக்கு," என்று அருள்நாதன் மெல்ல முடித்தார்.

"அவங்களே கட்டித் தர்றாங்களா? நமக்குக் கையும் நோவாது!" வெள்ளையம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று. போன உயிர் திரும்பியவளாகக் கணவனை முழங்கையால் இடித்தாள். "பாத்தீங்களா? இடுப்புத் தண்ணியில நடக்க விட்டிருந்தா இது வருமா?" அருள்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் வெகுநேரம் துடைத்தார். மனுக் கூலியை நீட்டியபோது வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். வழியில் மருதை ஊருக்கெல்லாம் காராபூந்தி வாங்கினார்.

லாரிகள் வந்தன, பலகை வந்தது, தண்டவாளத் துண்டுகள் வந்தன. நாலே நாளில் பாலம் ராஜா மாதிரி ஆகிவிட்டது. சிப்பாய்களுக்குத் திட்டுக்காரர்கள் மோர் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் அக்கரை முனையில் ஒரு கம்பிக் கதவும், எழுத்துகள் எழுதிய பலகையும், துப்பாக்கியோடு ஒரு சிப்பாயும் முளைத்தார்கள். அன்று முதல் காலையிலும் மாலையிலும் பட்டாளம் பாலத்தின்மேல் நடந்து வந்து, திட்டின் மேற்குக் கோடியில் மணலில் புரண்டு பயிற்சி செய்துவிட்டுத் திரும்பியது. பலகையில் எழுதியிருந்ததைக் கதவடியில் நின்ற சிப்பாயே படித்துச் சொன்னான். பட்டாளத்தார் தவிர மற்றவர்கள் பாலத்தில் கால் வைத்தால் தண்டனை.

மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு காலை, வெள்ளையம்மாள் இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தின் ஓரமாகவே ஆற்றில் இறங்கினாள். பாதி தூரத்தில் தண்ணீர் மோவாயைத் தொட்டது. காலடி மணல் சரசரவென்று அரித்துக்கொண்டு போக, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று கையை நீட்டிப் பனங்கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். தன் முடிச்சு இன்னும் அவிழாமல் இருந்தது விரலுக்குத் தெரிந்தது.

மேலே பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

"அம்மா, கையை எடுங்கம்மா! கட்டையைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"ஏம்பா, கட்டைக்கு வலிக்குதா?"

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "துரை பாத்தா என் தோலை உரிச்சுப்புடுவாரும்மா. வெளையாடாதீங்க."

"உன் தோலையும் பூட்ஸுக்குக் குடுத்துடுவாங்களா? சரி, விட்டுடறேன். இந்தக் கட்டு மட்டும் நனைஞ்சுச்சுன்னா கிளப்புக்காரன் என்னை உரிச்சுடுவான். எட்டு மணிக்குக் குடுத்தாகணும்."

பையன் கதவையும் பலகையையும் ஒருமுறை பார்த்தான். மனசுக்குள் அதை மறுபடி படிக்கிறான் போல இருந்தது. பிறகு துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளி, மண்டியிட்டுக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"இலையைக் குடுங்கம்மா, நான் கொண்டுபோய்க் கரையில வைக்கிறேன். இலை போகக்கூடாதுன்னு அதுல எழுதலை."

அவள் எம்பி இலைக்கட்டைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவன் சொன்னபடியே, பனங்கட்டையிலிருந்து கையை எடுத்தாள். இலைக்கட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பாலத்தின்மேல் அவன் தோளில் ஏறிப் போயிற்று. அதன் நிழலுக்குக் கீழே, மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, கால்விரலால் மணலைத் தேடித் தேடி அவள் கூடவே போனாள்.

"பாத்துப் போப்பா," என்று வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "நுனி இலை, கிழிச்சுடாதே!"