பங்கு போட்ட மாத்திரை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மலாக்காவில் செங் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசியதை ஒட்டுக்கேட்டேன். அவர்கள் பாதியில் இறங்கிவிட்டார்கள். மீதி என் கைச்சரக்கு.

முதலில் எழுதிய தொடக்கம்: "1994. மலாக்காத் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கு மேலே சூரியன் மெல்ல..."

(விட்டுவிட்டேன். தோட்டத்தை விற்று மூன்று வருஷமாகிறது. அங்கிருந்த என் கதாநாயகி பெரியநாயகி, புக்கிட் காத்தில் என்ற ஊரின் வீடமைப்புக்குக் குடிவந்துவிட்டாள். சூரியன் எங்கே போனால் நமக்கென்ன.)

2

பெரியநாயகிக்கு செங் தொழிற்சாலைக் கேண்டீனில் சோறு போடும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இரண்டு கையிலும் சொரியாசிஸ்: சிவந்த தடிப்பு, உதிரும் செதில். அது யாருக்கும் ஒட்டாது. [இதைக் கேண்டீன் முதலாளியிடம் நீங்களே சொல்லிப் பாருங்கள்.]

"இந்தக் கையால போட்டா யாரு சாப்புடுவா? தீபாவளிக்குள்ள நல்லாகலன்னா வேற ஆளு பாத்துக்குவேன்லா" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிறுக்குப் பிடித்துத் தோலைத் தாக்குகிறதாம்; மாத்திரை அதை அடக்குமாம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. பக்கத்து வீட்டுச் சுப்பம்மாவுக்கும் அதே நோய், காலில். இருவரும் சேர்ந்தே போய்ப் பெயர் கொடுத்தார்கள்.

3

ஆறாவது வாரம் பெரியநாயகியின் கை தெளிந்தது. சுப்பம்மாவின் கால் அப்படியே இருந்தது. எது மாவு என்று கண்டுபிடிக்கப் படிப்பு தேவைப்படவில்லை.

பெரியநாயகி இருவரின் மாத்திரைப் பாட்டிலையும் தட்டில் கவிழ்த்து, கலந்து, சரிபாதியாகப் பிரித்தாள்.

"எனக்கு வேணாம் நாயகி. ஒன் வேல போயிரும்."

"சும்மா இருங்கக்கா. கோயில்ல பிரசாதம் குடுத்தா ஒருத்தரேவா திங்கிறோம்?"

(இவ்வளவு நல்லவளை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று, ஒரு வரைவில் அவளைக் கொஞ்சம் சுயநலக்காரியாக்கினேன். அந்த வரைவில் கதையே நடக்கவில்லை.)

4

பத்தாவது வாரம் சுப்பம்மாவின் கால் பாதி தெளிந்திருந்தது. பெரியநாயகியின் கையில் சிவப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. டாக்டர் திலகவதி இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

"அவங்கவங்க மாத்திரையத்தானம்மா சாப்புட்டீங்க?"

பெரியநாயகி பொய் சொல்ல வாயைத் திறந்து—

[மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் உண்மைதான் வந்தது.]

"கலந்து சாப்புட்டோம் டாக்டர். ஒரே பஸ்ல வந்தோம். ஒருத்திக்கு மட்டும் நல்லாச்சுன்னா எப்பிடி?"

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். 

5

மேசைமேல் படிவம். "மருந்து விதிப்படி உட்கொள்ளப்பட்டதா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

'இல்லை' என்றால் இருவரும் சோதனைக்கு வெளியே. மாத்திரை நிற்கும், தீபாவளிக்கு முன்பே வேலை போகும். 'ஆம்' என்றால் பாட்டில் தொடரும். ஆனால் மாவு தின்றால் கால் தெளியும் என்று அந்தக் காகிதம் சொல்லும், நாளைக்கு ஊர்பேர் தெரியாத யாரோ அதை நம்புவார்கள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. என் முழங்கையிலும் இதே நோய்தான். இப்படிப்பட்ட காகிதங்களை நம்பித்தான் தினமும் மாத்திரை விழுங்குகிறேன். பெரியநாயகியின் கையைப் பார்த்தால் 'ஆம்' என்று போடத் தோன்றுகிறது. என் கையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். எந்தக் கட்டம் என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லும்போது பெரியநாயகி எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள்.