அடியில் தங்கிய சர்க்கரை

வேங்கிக்காலில் டீக்கடை வைத்திருக்கும் ராஜமாணிக்கத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். சித்ரா பௌர்ணமியன்று அந்த வாயால்தான் கெட்டார்.

அடி அண்ணாமலையில் பந்தல் போட்டு, கிரிவலம் வருகிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுப்பது அவருடைய வேண்டுதல். மனைவி சந்திரம்மாள் பழம் பிழிந்தாள். சர்க்கரை மூட்டை வாங்கி வந்து டிரம்மில் கொட்டியது அவள் தம்பி வேடியப்பன். ஆட்டோ ஓட்டுகிறவன், அக்கா கூப்பிட்டால் சவாரியை விட்டுவிட்டு வந்து நிற்பான். அவன் வருவதற்குள் ஐஸ் வந்துவிட்டது. வெயிலில் உருகிவிடுமே என்று ராஜமாணிக்கம் அதைத்தான் முதலில் தண்ணீரில் போட்டிருந்தார். அதற்கு மேல்தான் சர்க்கரை விழுந்தது. கடையிலிருந்து கொண்டுவந்த சின்னக் கரண்டியால் மேலாக நாலு சுற்று சுற்றிவிட்டு ஊற்ற ஆரம்பித்தார்.

முதலில் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். அடுத்தவர், சர்க்கரை போட மறந்துவிட்டீர்களா என்று கேட்டேவிட்டார். வரிசையில் சிரிப்பு. ராஜமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது.

"மூட்டையில பாதி உங்க வீட்டுக்குப் போயிடுச்சா, மச்சான்?"

விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. வரிசை முழுக்கக் கேட்கிற குரலில், முகத்துக்கு நேராகக் கேட்டார். வேடியப்பன் செருப்பைப் பந்தலிலேயே கழற்றிவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக மலை சுற்றக் கிளம்பிவிட்டான். அவன் அப்படிப்பட்டவனா என்று சந்திரம்மாள் மட்டும் கேட்டாள்.

மத்தியானம் டிரம் காலியாகிற நேரம். சாய்த்து ஊற்றப்போன சந்திரம்மாள் அப்படியே நின்றுவிட்டு, புருஷனைக் கூப்பிட்டாள். ராஜமாணிக்கம் உள்ளே கையை விட்டார். ஆற்று மணல் மாதிரி சர்க்கரை, அள்ள அள்ள வந்தது. அத்தனையும் பெரிய பருக்கை. கொதிக்கிற டீயிலேயே சர்க்கரை போட்டுப் பழகிய கை அவருடையது. அங்கே ஸ்பூன் பட்டாலே கரைந்துவிடும். சில்லென்ற தண்ணீரில் அது லேசில் கரையாது, அடிவரைக்கும் கலக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சர்க்கரையிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று உடம்பெல்லாம் கூசியது.

வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னார். சர்க்கரை பூராவும் அடியில் இருக்கிறது, மச்சான் மேல் தப்பில்லை, ஐஸை முன்னாடி போட்டது நான்தான் என்றார். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். காலையில் கேட்டவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. அவர்களெல்லாம் பாதையில் அடுத்து வரும் குபேர லிங்கத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

சாயங்காலம் வேடியப்பன் செருப்புக்காக வந்தான். மறுபடி பழம் பிழிந்து, அடிவரைக்கும் கலக்கி வைத்திருந்த ஜூஸை ராஜமாணிக்கம் ஒரு தம்ளரில் நிரப்பி நீட்டினார்.

"தப்பு என்னுது, மச்சான். எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்."

"எந்த எல்லார், மாமா? என் கூட நடந்தவங்க என்னைக் காட்டி, சாமிக்கு வாங்குன சர்க்கரையவே திருடிட்டான்னு வழியெல்லாம் பேசிக்கினே வந்தாங்க. அவங்க பஸ் ஏறிப் போயிட்டாங்க."

வேண்டுதல் ஜூஸை வேண்டாம் என்று சொல்லக்கூடாதென்று வாங்கிக் குடித்தான். இனிப்பு சரியாக இருக்கிறது என்றான். அக்காவிடம் சொல்லிக்கொண்டு ஆட்டோவை எடுத்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்து நின்றவர் தம்ளரை நீட்டினார். ராஜமாணிக்கம் அவர் முகத்தைப் பார்க்காமலே ஊற்றினார்.