நாவல் இலையில் ஒட்டிய கறுப்பு

எங்கள் பிளாக்கில் எது கறுத்தாலும் பழி நிலக்கரித் தூசிக்குத்தான். கொடியில் காயும் துணி கறுத்தாலும் தூசி, ஜன்னல் கம்பி கறுத்தாலும் தூசி. பாதி நாள் அது உண்மையும்கூட. அதனால் சாலையோர நாவல் மரத்து இலைகள் கறுத்தபோது யாரும் கிட்டே போய்ப் பார்க்கவில்லை. குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்று, தாழ்ந்த கிளைகளைக் கழுவச் சொல்லி சாமியம்மாள் அக்காவிடம் ரப்பர் குழாயைக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா காண்டிராக்டில் எங்கள் தெருக்களைப் பெருக்குகிறவர். இலை இலையாகத் தேய்த்தார். கறுப்பு போகவில்லை. சங்கச் செயலாளர் வேலுமணி அங்கிள் வந்து பார்த்தார். "ஏமாத்துறா. வேற ஆள் அனுப்பச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட பேசிடறேன்" என்றார், தெருவே கேட்க.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஆராய்ச்சி செய்வதே இலையில் வாழும் கறுப்புப் பூஞ்சைகளைப் பற்றித்தான். அன்று மாலை பூங்காவில் சங்கக் கூட்டம். நாவல் கொத்து ஒன்றையும் வேப்பங்கொத்து ஒன்றையும் ஒடித்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"அங்கிள், இது தூசி இல்ல. மீலியோலான்னு ஒரு பூஞ்சை. இலைக்குள்ள ஊன்றி உக்காந்திருக்கு. தண்ணி ஊத்தினா எப்படிப் போகும்?"

"கிருஷ்ணப்ரியா, உன் படிப்பை காலேஜ்ல வச்சுக்கம்மா. கறுப்புன்னா கறுப்புதான்."

"சரி, படிப்பு வேணாம். ரெண்டு மரமும் கிளையோட கிளை உரசிக்கிட்டு நிக்குது. தூசி ஊருக்கே பொது. நாவல் மேல மட்டும் விழுந்துட்டு வேம்பை விட்டுட்டுப் போகுமா?"

இரண்டு கொத்தையும் அவர் மேசைமேல் போட்டேன். வேம்பு பச்சையாக இருந்தது. நாவலில் வட்டவட்டமாக வெல்வெட்டுப் பொட்டுகள். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

அவர் மனைவி சுப்புலட்சுமி ஆன்ட்டி நாற்காலியை முன்னே இழுத்தார். "நம்ம வீட்டு மல்லிகையிலயும் இதேதான். நான் தினம் துடைக்கிறேன். போகவே மாட்டேங்குது. நானும் ஏமாத்துறேனா?"

கூட்டம் சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. "அப்போ நாவல்ல இருந்துதான் மல்லிகைக்கு வந்திருக்கு. மரத்தை வெட்டிடலாம்."

"வராது அங்கிள். ரெண்டும் ஒரே பேரினம்தான், ஆனா இனம் வேற. இது கண்ட மரத்துலயும் ஒட்டாது. குலம் கோத்திரம் பார்த்துப் பொண்ணு எடுக்கிற மாப்பிள்ளை மாதிரி, செடியோட குடும்பம் பார்த்துத்தான் வரும். அதனாலதான் இதுங்களை வகைப்படுத்தறப்போ முதல்ல எந்தச் செடியில இருக்குன்னு கேக்கறோம். நாவல்ல இருக்கறது நாவலோட நிக்கும். மல்லிகையில இருக்கறது வேற. மரத்தைக் கொல்லவும் கொல்லாது."

வெட்டுவதற்கும் வழி இல்லை என்றானதும் அவர் கொத்துகளை ஒதுக்கினார். "சரி சரி. சாமியம்மா, நீ வழக்கம்போல வேலைக்கு வா. போ."

வேலை தப்பியது என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அக்கா நகரவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் எப்பவும் வந்துக்கினுதாங்க இருக்கேன். அது இல்ல விசயம். ஏமாத்துறான்னு தெருவுல நின்னு சொன்னீங்களே, எம்மவ படிக்கிற பள்ளிக்கூடத்துப் பசங்கல்லாம் கேட்டுதுங்க. ஏமாத்தலன்னும் நீங்கதான் சொல்லணும்."

"அதான் வேலைக்கு வரச் சொல்லிட்டேனே!"

"வேலை நான் செஞ்சதுங்க. பேச்சு நீங்க பேசுனது."

ஆன்ட்டி தன் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே ஏதோ முனகினார். "ஏமாத்தல" என்ற சொல் எனக்கே அரைகுறையாகத்தான் விழுந்தது.

சாமியம்மாள் அக்கா இன்னும் ஓரடி முன்னே போனார்.

"கேக்கலீங்க" என்றார்.