இரண்டாம் நாள், பத்து முதல் ஒன்று வரை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலியாக விடப்பட்ட ஒரு கட்டத்திலிருந்து வந்தது.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பயண அட்டவணை ஒட்டியிருக்கிறார். நான், அவர், மகள் என்று மூன்று பேர். மூன்று நாள். பெருநகரம். ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் குண்டு குண்டாக எழுதியிருக்கிறார். கோபுரத்தின் உச்சி, அருங்காட்சியகம், ஆற்றில் படகு, நடுவே தண்ணீர் குடிக்கக்கூடப் பத்து நிமிடம். இரண்டாம் நாள் காலை பத்து முதல் ஒன்று வரை மட்டும் ஒன்றுமே இல்லை.

தண்ணீர் குடிக்க நேரம் ஒதுக்குகிற மனிதர் மூன்று மணி நேரத்தைச் சும்மா விடுவாரா? என்னை என்ன இளிச்சவாய் என்று நினைத்துவிட்டாரா?

இன்னொன்று. இந்தப் பயணத்தை நான் கேட்கவே இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை அவராகவே பரணிலிருந்து அந்த நீலப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "கெளம்பறோம்" என்றார். இருபத்தாறு வருடத்தில் தெருமுனைப் பூங்காவுக்குக்கூட அவராக வாய் திறந்து கூப்பிட்டதில்லை.

சந்தேகம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கதைதான் எழுத வரும். எழுதினால் பிடிபட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

2

தொடக்கம் ஒன்று: "அந்த மனிதனுக்கு இரண்டு முகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை" 

வேண்டாம். மட்டமான தொடர்கதை வாடை அடிக்கிறது.

தொடக்கம் இரண்டு: "மேலே போவதெல்லாம் ஒரு நாள்" 

சீ. தத்துவம் பேசினால் மகள் சிரிப்பாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான், கையில் பென்சிலோடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். பொடி எழுத்தில் உள்ள பிழைகூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

நேராகவே சொல்கிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். வேலையில் அப்படி இல்லை. லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று ஓயாமல் பேசுவாராம்.

"என்ன பழுதுன்னு மட்டும் உள்ள இருக்கறவங்ககிட்ட சொல்லவே கூடாது. பதறிடுவாங்க. வேற எதையாவது பேசிக்கிட்டே கீழ இறக்கிடணும்" என்று ஒருமுறை விளக்கினார்.

[அடைப்புக்குறிக்குள் ஒரு சங்கதி. கல்யாணமான புதிதில் ஒரு விடுதிக்குப் போனோம். அறையைப் பார்ப்பதற்கு முன்னால் லிஃப்டுக்குள் தொங்கிய சோதனை அட்டையைப் பார்த்தார். "நாலு மாசமா யாரும் கையெழுத்துப் போடல. படியில போயிடலாம்" என்றார். பட்டுப்புடவையோடு ஏழு மாடி ஏறினேன்.]

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு மாதமாக வீட்டில் பேசிக்கொண்டே இருக்கிறார். கோபுரத்தில் எத்தனை படி, படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, எல்லாம் ஒப்பிக்கிறார். நான் பாத்திரம் கழுவினால் பின்னாலேயே வந்து நின்று பேசுகிறார்.

3

போன செவ்வாய்க்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. எடுத்தேன். அது தப்பு என்பவர்கள் கதையை இத்தோடு மூடிவைக்கலாம்.

"சார், வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்துடுவீங்கல்ல? நீங்க ரெண்டு பேருந்தானே?" இளம்பெண்ணின் குரல்.

"யாருங்க நீங்க?"

"சார் இல்லீங்களா? அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை எங்கள் பயணத்தின் இரண்டாம் நாள். போவது மூன்று பேர். அந்த இரண்டு பேர் யார்?

முடிவு அ: வேறொருத்தி. எழுதிப் பார்த்தேன். என் காலுறையையும் சேர்த்து மடித்துவைக்கிற மனிதர் கள்ளக்காதலராக நடக்க மறுக்கிறார். எத்தனை முறை தள்ளினாலும் திரும்பி வந்து துணி மடிக்கிறார்.

முடிவு ஆ: அவருக்கு ஏதோ பெரிய வியாதி. மறைக்கிறார். இதை அரைப்பக்கம் எழுதினேன், அதற்குமேல் கை ஓடவில்லை.

முடிவு இ: மகளுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. அப்பனும் மகளும் கூட்டு.

இதற்காக மகளையே கேட்டேன். "உங்கப்பா எதையோ மறைக்கிறாருடி."

"ஒண்ணும் இல்லம்மா. நீ எழுது" என்றாள், தலையை நிமிர்த்தாமல். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவள். இவ்வளவு அடக்கமாகப் பேசினால் சந்தேகப்படாமல் என்ன செய்வது?

4

நேற்று அவர் வேலைக்குப் போனதும் அந்தப் பச்சைப் பெட்டியைத் திறந்து சோதனை போட்டேன். துணிக்கு அடியில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. பழுது நோட்டு. தேதி, புகார், எத்தனாவது முறை என்று எழுதிவைப்பது அவருடைய தொழில் பழக்கம்.

[இங்கே ஒரு சங்கதி சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு விடுதிக்குப் போனோம். லிஃப்ட் அட்டையில் நாலு மாதமாகக் கையெழுத்து இல்லையென்று பட்டுப்புடவையோடு என்னை ஏழு மாடி ஏறவைத்தார்.]

நோட்டைப் புரட்டினேன்.

புகார்: கதவு திறந்தே கிடந்தது. இரண்டாம் முறை.

புகார்: தவறான மாடியில் நின்றது. மூன்றாம் முறை.

இதையெல்லாம் ஏன் பயணத்துக்குக் கொண்டுவருகிறார் என்று எரிச்சலாக இருந்தது. அடுத்த வரி:

புகார்: அதே கேள்வி. ஒரே சாயங்காலத்தில் ஐந்து முறை.

லிஃப்ட் எங்கேயாவது கேள்வி கேட்குமா?

கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: பெருநகரம் பார்க்கணும் என்றாள். நான்காம் முறை. டாக்டரும் அங்கேதான். ரெண்டையும் சேர்த்து முடித்துவிடலாம்.

நான் கேட்கவே இல்லை. நான் கேட்டதே இல்லை.

5

அவர் வந்தபோது நோட்டு சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் உங்களுக்கா?" என்றேன். இன்னும் முடிவு ஆ-வைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல. உனக்கு."

"எனக்கென்ன கேடு?"

"போன மாசம் மூணு தடவ கீழ்வீட்டுக் கதவத் தட்டி நின்னிருக்க. நம்ம வீடுன்னு நெனச்சிக்கிட்டு. அவங்கதான் கூட்டிட்டு வந்து விட்டாங்க."

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"பதறிடுவ."

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. நோட்டைத் தூக்கி அவர்மேல் எறிந்தேன். "கோபுரம், படகுன்னு ஒரு மாசமா பேசிப் பேசியே ஏமாத்தினீங்களே! நான் என்ன உங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவளா?" என்று கத்தினேன். அழுதேன். அவரும் அழுதார். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"வெளிய நின்னு பேசறதத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியல" என்றார்.

"அந்தக் கட்டத்துல டாக்டர்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே."

"கை வரல."

அதன்பிறகு நாங்கள் இருவரும் வெகுநேரம்

இல்லை, அந்த வாக்கியம் வேண்டாம்.

6

இதுவரை எழுதியதை மகள் படித்துவிட்டாள். மூன்று இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாள். "திருத்திடட்டுமாம்மா?" என்று கேட்டாள். கூடாது என்றேன். பழுது எங்கே என்று பார்க்க வருகிறவருக்குப் பழுது தெரிய வேண்டும் அல்லவா?

முதல் வட்டம், பயணத்தை நான் கேட்கவில்லை என்கிற இடம். "நீதாம்மா கேட்ட. நானும் பக்கத்துல இருந்தேன்" என்கிறாள். இரண்டாவது, விடுதிச் சங்கதி. ஒரே கதைக்குள் இரண்டு முறை சொல்லியிருக்கிறேனாம். புரட்டிப் பார்த்தேன், இரண்டும் இருக்கிறது. இரண்டாவதை எழுதும்போது முதன்முதலாகச் சொல்வதாகத்தான் நினைத்து எழுதினேன்.

மூன்றாவது, பெட்டியின் நிறம். ஒரு பகுதியில் ஒரு நிறமும் இன்னொரு பகுதியில் வேறு நிறமும் இருக்கிறதாம். இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. எங்கள் வீட்டில் பெட்டி ஒன்றே ஒன்றுதான்.

எழுந்துபோய்ப் பார்த்துவிடலாம், வாசல் பக்கம்தான் நிற்கிறது. போகவில்லை. அதற்குப் பதிலாகப் பேனாவை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். காலிக் கட்டத்தில் "டாக்டர். நானும் அவரும்" என்று எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

டாக்டர் என்ன சொல்வார் என்பது இந்தக் கதையில் வராது. வியாழக்கிழமை இன்னும் வரவில்லை, இல்லாததை எழுத இந்த ஒரு தடவை எனக்கு மனமில்லை.

ஆனால் உங்கள்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நாலாம் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டியின் நிறம் மாறியதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி மறுபடி வந்ததையும் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் படித்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள், அவரைப்போல. இனி அது வேண்டாம்.

அந்தப் பெட்டி என்ன நிறம்? சொல்லுங்கள். நான் பதற மாட்டேன்.